இன்னும் கொஞ்சம் புகை

ஹால்வரின் புகைபோக்கி கக்கிய கரும்புகையில் நாலு நாளாகக் கடற்பறவைகள் வழி தப்பி மலையில் முட்டிக்கொண்டிருந்தன. அடுப்பை அணைக்கச் சொல்லிக் கூரையேறிய புகைபோக்கி துடைப்பவள் சீவ், இறங்கி வந்து கையை உதறினாள்.

“குழாய் சுத்தமா இருக்கு, பெரியவரே. ஈரக் கட்டைதான் கோளாறு. கொட்டகை நிறைய காய்ஞ்ச கட்டை இருக்க, இதை ஏன் எரிக்கிறீங்க?”

“புகை பத்தலன்னுதாம்மா உன்னைக் கூப்பிட்டேன்.”

“என்னது!”

“பக்கத்து வீட்டுல என் தம்பி ஐலெர்ட். படகுச் சண்டையில பதினஞ்சு வருஷமா பேச்சில்ல. புகை அடிச்சா மட்டும் ஜன்னலைத் திறந்து, ‘கிழட்டுக் கழுதை, என்னைக் கருவாடு ஆக்கப் பார்க்குறியா’ன்னு திட்டுவான். எனக்கு அது போதும். நாலு நாளா திறக்கல. நானும் ஈரக் கட்டையா போட்டுப் பார்க்குறேன். அழுத்தக்காரன்!”

சீவ் தொப்பியைக் கழற்றினாள்.

“காலையில பக்கத்து வீட்டுல புகை வருதான்னு பார்க்குறது நம்ம ஊர் வழக்கமாச்சே. நீங்க பார்க்கலையா?”

“என் புகையில அது எங்க தெரியுதும்மா?”

“கூரைமேல இருந்து நான் பார்த்தேன். அவர் புகைபோக்கி மேல முழ உயரத்துக்குப் பனி உறைஞ்சு கிடக்கு. அங்க அடுப்பு எரிஞ்சே நாலு நாள் ஆகியிருக்கும்.”

ஹால்வர் ஜன்னலுக்கு ஓடினார். புகை கலைந்திருந்ததால், தம்பியின் வெள்ளைக் கூரை அன்றுதான் பளிச்சென்று தெரிந்தது.