கரடி உயரம்

"நேத்துகூட வந்திருக்கு. இங்க பாருங்க டாக்டரம்மா, குருத்தைக் கடிச்சுத் துப்பிட்டுப் போயிருக்கு."

எவெலியோ காட்டு அன்னாசிச் செடியின் குருத்து ஒன்றை நீட்டினார்.

யோலிமா வாங்கிப் பார்த்தாள். அவள் டாக்டர் இல்லை. விலங்கியல் படித்துவிட்டுப் பூங்கா அலுவலகத்தில் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. இந்த மலையில் படித்தவர்கள் எல்லோருமே டாக்டர்தான்.

குருத்தின் அடிப்பக்கம் வழவழவென்று, ஒரே சீவலில் வெட்டுப்பட்டிருந்தது.

"கரடி கையில கத்தி வச்சிருந்துச்சோ?"

எவெலியோ தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். முப்பது வருடமாக பாரமோ என்னும் இந்தக் குளிர்மலைப் புல்மேட்டில் காவல் பார்க்கிறவருக்குப் பொய் மட்டும் கைவரவில்லை.

"நாலு வருஷமா மாசாமாசம் 'இன்னும் வரவில்லை'ன்னு நீங்கதானே ஐயா எழுதி அனுப்புறீங்க? கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு தாய்க்கரடி ரெண்டு குட்டியோட திரியுது. அங்க வைக்க கேமரா இல்ல. இந்த மரத்துல இருக்கிறதைக் கழட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவர் ஃபிளாஸ்கைத் திறந்து சூடான வெல்லத் தண்ணீர் ஊற்றி, ஒரு துண்டு சீஸை அதில் போட்டுக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரையாவது கழற்ற மாட்டாள்.

அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, மரத்தில் கட்டியிருந்தபடியே கேமராப் பெட்டியைத் திறந்தாள். இதன் மெமரி கார்டை அவர் ஒருமுறைகூட அலுவலகத்துக்கு அனுப்பியதில்லை. கேட்டால், இன்னும் நிறையவில்லை என்பார்.

சின்னத் திரையில் படங்கள் நகர்ந்தன.

மூடுபனி. மூடுபனி. ஒரு மான். மூடுபனி.

மாதத்துக்கு ஒருமுறை எவெலியோ.

நாலு காலில் தவழ்ந்து வந்துகொண்டிருந்தார். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. கேமரா ஒழுங்காக எடுக்கிறதா என்று பார்க்க, கரடி உயரத்தில் அதன் முன்னால் யாராவது தவழ்ந்து போக வேண்டும். யோலிமாவும் தவழ்ந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவள்தான்.

ஆனால் எல்லோரும் பாதையின் நடுவில் தவழ்வார்கள். இவர் ஒவ்வொரு படத்திலும் இடது ஓரமாகவே வந்தார். வலப்பக்கம் பாதிப் படம் சும்மா கிடந்தது.

முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியிருந்தார்.

அவள் பின்னால் தள்ளித் தள்ளி முதல் படத்துக்குப் போனாள்.

அதில் இரண்டு பேர் தவழ்ந்து வந்தார்கள்.

இடது ஓரத்தில் எவெலியோ, மீசை அப்போது கறுப்பு. அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண். கம்பளிப் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டு, இந்த மலையின் கண்ணாடிக் கரடியைப் போலக் கண்களைச் சுற்றி அடுப்புக்கரியால் வளையம் வரைந்துகொண்டு, ஒரு கையைத் தூக்கி நகம் காட்டிக்கொண்டிருந்தாள். உறுமத்தான் வாயைத் திறந்திருப்பாள். சிரிப்பு முந்திக்கொண்டுவிட்டது.

இன்று காலை காவல் குடிலில், மெழுகுவத்திக்கு மேலே, சுவரில் மாட்டியிருந்த படத்தில் யோலிமா பார்த்த முகம்.

ரோசால்பா. இதே மேட்டில் அவருடன் காவல் பார்த்த மனைவி. அந்தப் படம் எடுத்த மறுவாரம் அவளைப் பொகோத்தா நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஜீப் திரும்பி வந்தபோது அதில் எவெலியோ மட்டும் இருந்தார்.

கோப்பையின் அடியில் சீஸ் உருகிக் கிடந்தது.

யோலிமா பெட்டியை மூடினாள். அவள் கை, அதை மரத்தோடு கட்டியிருந்த பெல்ட்டின் கொக்கியில் நின்றது.

பள்ளத்திலிருந்து பனி ஏறிவந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். எவெலியோ தொப்பியைக் கழற்றிக் கல்மேல் வைத்துவிட்டுப் பாதையில் மண்டியிட்டிருந்தார்.

இடது ஓரமாக.

"மகளே, கழட்டுறதுக்கு முன்னாடி, இது வேலை செய்யுதான்னு ஒரே ஒரு தடவை பார்த்துடலாமா?"