மோட்டாரை நிறுத்தியவன்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு அடுத்தவன் வீட்டு இழவு என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. முடிவெட்ட உட்கார்ந்த சிங்காரவேலு அப்படித்தான் முணுமுணுத்தார். சலூனின் பேசும் திரைச்சுவரில் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய, துப்புத் துலங்காத கொலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. செத்தவளின் புருஷனைப் பழைய வீட்டுக் கேமராப் பதிவிலிருந்து எடுத்து, ஆள் உயரத்துக்கு நடமாட விட்டிருந்தார்கள்.

"பொண்டாட்டி ரத்தத்துல கெடக்கா. இவன் முதல்ல போய் மோட்டாரை நிறுத்துறான் பாருங்க!" என்றான் முடிவெட்டும் ரஞ்சன்.

"ஒரு சொட்டு அழலையே. இவன்தான் கொன்னிருக்கான்," என்றார் காத்திருந்த மருந்துக்கடை அந்தோணி.

நூற்றுக்குத் தொண்ணூறு அவன்தான் என்றது சுவர்.

சிங்காரவேலுவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "டேங்க் நெறஞ்சு வழிஞ்சா நிறுத்தாம என்னய்யா செய்வான்? கை அதுபாட்டுக்குப் போகும்."

கத்தரி நின்றது. "அது உங்களுக்கு எப்படிப் பெரியவரே தெரியும்?"

போன மாசம் அவர் மனைவி வடிவு குளியலறையில் வழுக்கி விழுந்து செத்தபோது, அவரும் முதலில் மோட்டாரைத்தான் நிறுத்தினார். சுவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் புருஷன் மறைந்தான். சிங்காரவேலு வீட்டுக் கேமராவில் போன மாசம் பதிவான கூடம் தெரிந்தது. அதில் அவரே சுவிட்சுப் பக்கம் நடந்துபோனார்.

"அட, நீங்களும் அழலையே!" என்றார் அந்தோணி. யாரும் சிரிக்கவில்லை.

சிங்காரவேலு எழுந்தார். போர்த்திய துணியை உருவிப் போட்டுவிட்டு, பாதி வெட்டிய தலையோடு வெளியே வந்தார். வேகமாகப் போனால் ஓடுகிறான் என்பார்கள், மெதுவாகப் போனால் நடிக்கிறான் என்பார்கள்.

"வழியுற தண்ணிய நிறுத்துனா கொலைகாரனா? போங்கடா," என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.