கைக்குள் ஓர் ஆரஞ்சு

புஷ்பலதா டீச்சரின் பியானோவுக்குள் பகலிலும் ஒரு பல்பு எரிகிறது. அந்தச் சூடு இல்லாவிட்டால் ஏற்காட்டுப் பனியில் கட்டைகள் ஊறி இறுகிவிடும். மூடியின் இடுக்கில் கசியும் மஞ்சள் வெளிச்சத்தில் டீச்சரின் நரைத்த தலையும் தர்ஷினியின் இரட்டைச் சடையும் ஒட்டினாற்போல் தெரிகின்றன. மாரமங்கலத்திலிருந்து மகளை பஸ்ஸில் கூட்டிவந்த மாதம்மாள், வாசலோர நாற்காலியில் உட்கார்ந்து கண்ணெடுக்காமல் பார்க்கிறாள். எஸ்டேட்டில் கணக்கெழுதிய ரைட்டரின் மகளான டீச்சர், சிறு வயதில் பங்களாவின் வெள்ளைக்காரத் துரையம்மாவிடம் விரல்முட்டியில் ஸ்கேலால் அடி வாங்கிப் பியானோ பழகியவள். அதனாலேயே இங்கே ஸ்கேல் கிடையாது, ஆரஞ்சுதான். இலையோடிருக்கும் பழமொன்றைத் தர்ஷினியின் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு அதன்மேல் வளைக்கிறாள். “இப்ப பழத்த எடுத்துர்றேன். அது கைக்குள்ளயே இருக்குதுன்னு நெனச்சு வாசி கண்ணு.” தர்ஷினி சிரித்துக்கொண்டே வாசிக்கிறாள். வீட்டில் தலைவாரத் தொட்டாலே உதறுகிற பிள்ளை! சொல்லிக்கொடுக்க வாய் போதாதா, இப்படித் தொட்டுத் தொட்டுத்தான் ஆகவேண்டுமா? மாதம்மாள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். பாடம் முடிந்ததும் டீச்சர் அந்தப் பழத்தையே நீட்ட, தர்ஷினி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வருகிறாள். “குடு சாமி, உரிச்சுத் தாரேன்.” “தொடாதீங்கம்மா, இது டீச்சர் குடுத்தது!” நீட்டிய கையை மாதம்மாள் மெல்ல மடக்கிக்கொள்கிறாள். விடியலில் தன் தோட்டத்து மரத்தில் பறித்து, டீச்சருக்கென்று அவளே கொண்டுவந்து கொடுத்த பழம் அது. அழகாயிருக்கட்டுமென்று காம்போடு அவள் விட்டுவைத்த இலை இன்னும் வாடவில்லை.