பிலிமில் ஒரு கட்டைவிரல்

"துடைச்சியா, இல்லையா?"

"துடைச்சேன் சார்."

"அப்போ இது என்ன?"

மேலாளர் நல்லசிவம் மேஜைக்கு அடியில் இருந்த குழல்விளக்கைப் போட்டார். அது இரண்டு தடவை கண் சிமிட்டி எரிந்தது. மேஜையின் கண்ணாடி மேல் விரித்திருந்த பிலிமில், கம்ப்யூட்டர் போர்டுக்காக ஒட்டிய கறுப்பு டேப் கோடுகளுக்கு நடுவே ஒரு கட்டைவிரல் ரேகை. மை தோய்ந்த சின்ன விரல்.

கிளாடிஸ் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அது குல்சுமின் விரல். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். கடைசி நாள் காய்ச்சலோடு வந்தாள். கை கொதிக்கிறது என்று பஞ்சுக் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு பிலிமைத் தொட்டாள். அந்த வாரமே இறந்துபோனாள். கையுறை இன்னும் ஸ்டூல் மேலேயே கிடந்தது, விரல்கள் லேசாக மடங்கின வாக்கில். அடையாறில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில் அதை எடுத்து வைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

"இந்தப் பிலிமைத்தான் கேமராவுல பிடிக்கப் போறோம். இதுல கறுப்பா என்ன இருக்கோ அதெல்லாம் போர்டுல செம்பா வந்து நிக்கும். ரேகையும் நிக்கும். அது கோட்டோட ஒட்டிக்கிட்டா கம்ப்யூட்டர் படுத்துரும். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள இது போகணும். போகலைன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்."

"சரி சார்."

போர்டுகளை அமிலத்தில் முக்கி எடுக்கிற அல்போன்ஸ் எட்டிப் பார்த்தார்.

"இன்னா கிளாடிஸ், மறுபடியும் வந்துகீதா?"

"சும்மா இருங்கண்ணே."

"நேத்தியவிட இன்னிக்கு கறுப்பா கீது பாரு. நீ தொடைக்கத் தொடைக்க நல்லாத் தெரியுது. அந்தப் பொண்ணு எங்கயும் போவல. இங்கியே குந்திக்கினு கீது." சிலுவை போட்டுக்கொண்டார்.

நல்லசிவம் சிரித்தார். "உசிரோட இருக்கிற உம்மையே நேரத்துக்கு வரவைக்க முடியலை ஓய். செத்தவ லீவு போடாம வருவாளாக்கும்?"

அவர் அப்படித்தான். முந்தின நாள் குல்சுமின் அம்மா அமீனா பீ திருவல்லிக்கேணியிலிருந்து வந்திருந்தார். "ஆபீஸ்ல எடுத்த போட்டோ ஏதாச்சும் இருக்குமா சார்? ஊட்டுல ஒண்ணுகூட எடுக்கல. மொகம் மறந்துருமோன்னு பயமா இருக்கு" என்றார்.

"இது என்ன ஸ்டுடியோவா? இல்லைம்மா, போங்க." ஒரே வரியில் அனுப்பிவிட்டார் நல்லசிவம்.

"ம், துடை. நான் பார்க்கிறேன்" என்றார் இப்போது.

கிளாடிஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தாள். அழுத்தித் தேய்த்தாள். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. பிலிம் மேல் இருந்த தூசி போனது. ரேகை மட்டும் அப்போதுதான் வைத்த மாதிரி பளிச்சென்று நின்றது.

ஆற்றுப் பக்கத்து ஜன்னல் தானாகத் திறந்தது. ஸ்டூலில் கிடந்த கையுறை நழுவித் தரையில் விழுந்தது.

"ஜேசுவே!" அல்போன்ஸ் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

நல்லசிவம் சிரிக்கவில்லை. பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து பிலிமைப் பார்த்தார். போர்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை இரண்டு கோடுகள் ஒட்டி ஒட்டி ஓடின. ரேகை இருந்த இடத்தில் அவற்றில் ஒன்று மட்டும் வளைந்து விலகிப் போயிருந்தது.

"இதை வளைச்சது யாரு?"

"நான்தான் சார். அவ கை மேல ஒட்ட மனசு வரலை."

"இது ஜோடிக் கோடு. ரெண்டுலயும் ஒரே சேதி, ஒண்ணுல நேரா, இன்னொண்ணுல தலைகீழா. ரெண்டும் ஒரே நேரத்துல போய்ச் சேரணும். ஒண்ணு மட்டும் சுத்திக்கிட்டு வந்தா, இந்த வேகத்துல சேதியே குலைஞ்சு போகும். தெரியுமா தெரியாதா?"

"தெரியும் சார்."

அடுத்து என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும்.

நல்லசிவம் கதவுப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார். "ஓய் அல்போன்ஸ்! நீர் சொன்னதுதான் சரி. இது அழியாது. அவ இடத்தை அவளுக்கே விட்டுருவோம்."

"சாரே சொல்லிட்டாரா?" வெளியே அல்போன்ஸின் குரல் கம்மியது.

"ரெண்டாவது கோட்டையும் பிரிச்சு எடு. சுத்தினா ரெண்டும் சேர்ந்து சுத்தணும். நீளம் மயிரிழை பிசகக் கூடாது."

கிளாடிஸ் ஒட்டி முடித்தாள். இரண்டு கோடுகளும் கைகோத்த மாதிரி அந்த விரலைச் சுற்றி வளைந்து, பழையபடி நேராகப் போயின. நல்லசிவம் நூலை வைத்து இரண்டையும் அளந்தார். சரியாக இருந்தது.

கீழே கிடந்த கையுறையை எடுத்துத் தட்டி, ஸ்டூல் மேல் வைத்தார்.

"முதல் போர்டு வந்ததும் ஒண்ணு எடுத்து வை. அமீனா பீ கிட்ட கொடுக்கணும். முகம் இல்லைன்னாலும் விரலாவது இருக்கட்டும்."

"சரி சார்."

கதவு வரை போனவர் நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மை பிலிமுக்குப் பின்பக்கம் இருக்கு. முன்பக்கத்தை எத்தனை நாள் துடைச்சாலும் எப்படிப் போகும்?"

தெரிந்தே செய்தது பிடிபட்டதில் கிளாடிஸின் முகம் வெளுத்தது.

"அடுத்த பிலிம்லேருந்து திருப்பிப் போட்டுத் துடை" என்றார் நல்லசிவம். "இதைத் திருப்பாதே."