அபூர்வப் பறவை

பயணம் போய்வந்தவர்கள் மங்கலான படத்தை நீட்டுவதும், அபூர்வப் பறவை என்றால் பூரித்துப்போவதும் பறவை நிபுணருக்குப் பழகிப்போன கூத்து. இன்று வந்த ஜவுளிக்கடைக்காரர் பேரமே பேசினார்.

“அபூர்வம்தானே சார்? நல்லாப் பாருங்க.”

“தகைவிலான் குருவி. உலகம் பூரா இருக்கும்.”

“தலையில வெள்ளைக் கோடு இருக்கே! ஒரே ஊர்ல மட்டும் இருக்கிற ஜாதியா இருக்கக் கூடாதா?”

“அது வெயில் பட்ட பளபளப்பு. பெருமையடிக்க வேற படம் கொண்டாங்க முதலாளி,” என்று சிரித்தார் நிபுணர்.

கடைக்காரர் நாற்காலியில் சரிந்தார்.

“நான் எடுக்கல சார். ஊர் சுத்தப் போன என் மக கடைசியா அனுப்பினது. எந்த ஊர்னு சொல்லல. அப்புறம் பேச்சு மூச்சே இல்ல. ஒரே ஊர்ப் பறவைன்னா அங்க போய்த் தேடலாமேன்னு...”

நிபுணர் பூதக்கண்ணாடியை எடுத்து அந்தக் கோட்டை மறுபடி பார்த்தார்.

வெயில்தான்.