தொண்ணூற்றெட்டு சதவீதம்

மலை சரிந்து ஐம்பத்துமூன்று மணி நேரம் ஆகிறது. பள்ளி விளையாட்டுக் கூடத்தில் சேற்று நாற்றமும் மருந்து நெடியும் சிஸுருவின் தொண்டையில் ஒட்டுகின்றன. பல் மருத்துவர் இசோமுரா புதினா மிட்டாயைக் கடைவாயில் நொறுக்குகிறார். அவருடைய உதவியாளரான அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கணினித் திரையில் இரண்டு எக்ஸ்ரே படங்கள். ஒன்று எதிரே போர்வைக்கடியில் கிடக்கும் சடலத்தின் பற்கள், மற்றது கிளினிக் கோப்பில் இருந்த, சரிவில் காணாமல்போன குவாபாராவின் பற்கள். தொண்ணூற்றெட்டு சதவீதம் ஒன்றேதான் என்கிறது கணினி. “மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா,” என்று மருத்துவர் சிரிக்கிறார். பல்லிடுக்கில் பச்சை எச்சில். குவாபாராவின் மனைவி போர்வைக்கு வெளியே கிடக்கும் கையையே பார்க்கிறாள். “இது அவர் கை மாதிரியே இல்லீங்க டாக்டர்.” “தண்ணியில ஊறினா எந்தக் கையும் இப்படித்தான். முத்திரையைக் குத்துங்க, இன்னிக்கே எரிச்சிடலாம்.” மனைவி பையிலிருந்து கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் சிறு பெயர் முத்திரையை எடுத்து, மை பிடிக்க வாயருகே வைத்து ஊதுகிறாள். மருத்துவர் அடையாளச் சான்றுத் தாளை அவள் பக்கம் நகர்த்துகிறார். கையுறைக்குள் பிசுபிசுக்கும் தன் விரல்கள் சிஸுருவுக்கு அருவருப்பாக இருக்கின்றன. அந்தக் கையைத் தாளின்மேல் வைத்து மறைக்கிறாள். “குத்தாதீங்கக்கா. அவர் பல் காட்ட வந்த அன்னிக்கு எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர். மறுநாள் அதிகாரிங்க கோப்பைச் சோதிக்க வர்றாங்கன்னு, டாக்டர் சொல்லி, தபால்காரர் ஹிராயாமாவோட பழைய பல் படத்தை எடுத்து உங்க வீட்டுக்காரர் கோப்புல நான்தான் வச்சேன்.”