பஞ்சாட்சரத்தின் வயது

பயண இன்சூரன்ஸ் ஃபாரத்தில் அப்பாவின் பிறந்த தேதியைப் போட்டதும் தொகை எகிறியது. மூன்றாவது கம்பெனியிலும் இதே கதை.

அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் என்றால் ஆயிரத்து நூறு ரூபாய். அறுபத்திரண்டு வயது அப்பா பஞ்சாட்சரத்தைச் சேர்த்தால் நாலாயிரத்து எண்ணூறு. மலிவான பாலிசியெல்லாம் அறுபதோடு நின்றுவிடுகிறது.

மலேசியாவுக்கு ஐந்து நாள். வியாழக்கிழமை விமானம். டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது.

இன்சூரன்ஸ் இல்லாமல் கூட்டிப்போய், அங்கே அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால்? நாற்பது வருடம் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்பையும் அமிலத்தையும் இழுத்த நெஞ்சு. என் ஒரு வருடச் சம்பளம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் காணாது.

"காலேஜ் படிச்சவ, ஒரு ஃபாரம் ரொப்ப இத்தினி நேரமா?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

படித்ததால்தான் வீட்டின் எல்லா ஃபாரமும் என் தலையில் விழுகிறது என்று கத்தினேன்.

அப்பா தான் வரவில்லை என்றார். நாங்கள் இரண்டு பேர் போய்வந்தால் போதுமாம்.

எனக்கு இன்னும் கோபம் ஏறியது. ஐம்பத்தெட்டு முடிந்ததும் சால்வை போட்டு அனுப்பினார்கள். அன்றிலிருந்து இந்த வயது எங்களை விடவில்லை. வாட்ச்மேன் வேலைக்குக்கூட வயதாகிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். நான் எம்.எஸ்சி. சீட்டை விட்டுவிட்டு ஷூ கம்பெனியில் சேர்ந்ததும் அதனால்தான். இத்தனைக்கும் ஆள் இன்னும் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு மாடியேறுகிறார்.

வயதுக்காகத்தான் இவ்வளவு ஜாஸ்தி கேட்கிறார்களா என்று அப்பா விசாரித்தார். ஆமாம் என்றேன்.

"எனக்கு அம்பத்தாறுதாம்மா. அந்தத் தேதி எங்க அண்ணனோடது."

அம்மா அடுப்பை அணைத்தாள். திரும்பவில்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அப்பாவுக்கு ஓர் அண்ணன் இருந்ததே எனக்குத் தெரியாது. பதினெட்டு வயதில், டேனரியின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி வழித்தபோது விஷவாயு. தூக்கும்போதே உயிர் இல்லையாம்.

வெளியே தெரிந்தால் கேஸாகும். அதனால் மறுவாரமே பன்னிரண்டு வயதுத் தம்பியை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அண்ணனுடைய அதே வேலை அட்டை. அதே பெயர். வீட்டிலும் சம்மதித்தார்கள், வரும் சம்பளம் நிற்காதே.

பதிவேட்டில் பெயர் அறுபடவே இல்லை. யாரும் சாகவில்லை.

அந்த அட்டையை வைத்து பி.எஃப்., அதை வைத்து ஆதார், அதை வைத்து பாஸ்போர்ட்.

ஒடுகத்தூர் சொந்தக்காரர்கள் அப்பாவை ராஜகோபால் என்று கூப்பிடுவார்கள். வீட்டில் வைத்த இன்னொரு பெயர் என்று நினைத்திருந்தேன். என் டிகிரி சர்டிஃபிகேட்டில் என் பெயருக்கு முன்னால் நிற்கும் 'ப', நான் பார்த்தே இராத பெரியப்பாவுடையது.

மாற்றியிருக்கலாமே என்று சீறினேன். என்ன சொல்லி மாற்றுவது என்று கேட்டார். செத்தவன் பெயரில் நாற்பது வருடம் கையெழுத்துப் போட்டேன் என்றா?

வியாழக்கிழமைக்குள் எதுவும் மாறாது. நாலாயிரத்து எண்ணூறைத் தேர்ந்தெடுத்தேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. இன்னா கேக்குது என்றார் அப்பா.

வாசித்தேன். பயணி பஞ்சாட்சரம் தற்போது நல்ல உடல்நலத்துடன் இருக்கிறார் என்று உறுதியளிக்க வேண்டுமாம்.

அப்பா அந்தக் கட்டத்தைக் குனிந்து பார்த்தார்.

"டிக் போடும்மா" என்றார். "அண்ணன் நல்லாதான் இருக்காரு."